பின்வரிசைக்காரனின் சம்பளம்

அன்புள்ள அருள்நாயகம்,

கழகத்தின் பத்தாவது ஆண்டு மலருக்கு நீங்கள் கேட்ட படங்களை இத்துடன் அனுப்புகிறேன். மொத்தம் பதினொன்று. ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் நிற்பவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாகப் பென்சிலால் எழுதியிருக்கிறேன். பேனையால் எழுதினால் மை முன்பக்கம் ஊறிவிடும். அச்சு வேலை முடிந்ததும் மறக்காமல் திருப்பித் தாருங்கள்.

இக்னேசியஸைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படியும் கேட்டிருந்தீர்கள். இந்த வருடம் முதல் அவன் பெயரில் ஒரு நினைவுக் கிண்ணம் வைப்பதென்றும், அதை நான்தான் கையளிக்க வேண்டுமென்றும் நிர்வாக சபை ஏகமனதாகத் தீர்மானித்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இது மலருக்கு அல்ல, உங்களுக்கு. வாசித்தபின் யாருக்குக் காட்டுவதென்பது உங்கள் விருப்பம்.

நீங்கள் தொண்ணூற்றேழில்தான் மொன்றியலில் இருந்து வந்து என்னிடமிருந்து செயலாளர் பொறுப்பை எடுத்தீர்கள். அதனால் தொடக்கத்தில் இருந்தே சொல்கிறேன். 1995 கோடையில் கழகத்துக்குப் பணம் போட்டவர் தியாகலிங்கம், ஸ்காபரோவில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். ஊர்ப் பெயரிலான உதைபந்தாட்டக் கழகங்கள் காசு கொடுத்து ஆட்களை இறக்கத் தொடங்கியிருந்த காலம் அது. நாங்களும் பாரிஸில் இருந்து துஷாந்தை இறக்கினோம். முன்னுக்கு நின்று கோல் அடிப்பவன். ஆட்டத்துக்கு இருநூறு டொலர், விமான ரிக்கற், தங்குவதற்கு அறை. ரொறொன்ரோவில் அதற்கு மேல் யாருக்கும் கொடுத்ததாக நான் அறியவில்லை.

இக்னேசியஸுக்கு அறுபது டொலர். அவன் இங்கேயே இருந்தவன், ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். பின்னுக்கு நின்று மறிப்பது அவன் வேலை. கோணர் உதை கிடைத்தால் முன்னுக்கு ஓடிவந்து தலையால் இடிக்கவும் செய்வான். இரண்டு வேலையும் செய்தான் என்பதை நான் மறுக்கவில்லை.

ஜூலை மாதம் பயிற்சி முடிந்து எல்லோரும் புல்லில் இருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவன் தியாகலிங்கத்திடம் வந்தான்.

"அண்ணை, துஷாந்துக்குக் குடுக்கிறதை எனக்கும் தாங்கோ. அங்காலை மற்றக் கழகம் அதைத் தாறன் எண்டு கேட்டிட்டுது. உங்களை விட்டிட்டுப் போக எனக்கு மனமில்லை. மனிசி கொழும்பிலை லொட்ஜிலை இருக்கிறா, கூப்பிட வேணும்."

தியாகலிங்கம் என்னைப் பார்த்தார். "தில்லையம்பலத்தார், நீங்கள் என்ன சொல்லுறியள்?"

நான் நியாயத்தைச் சொன்னேன். சம்பளம் ஆளுக்குக் கொடுப்பதல்ல, இடத்துக்குக் கொடுப்பது. ஊரில் இருபத்திரண்டு வருடம் உப தபாலதிபராக இருந்தவன் நான். முத்திரை குத்துபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அதிபரின் சம்பளம் அவருக்கு வராது. சனம் காசு கொடுத்து வருவது கோல் பார்க்க. போன மூன்று ஆட்டத்தில் துஷாந்த் ஐந்து கோல், இக்னேசியஸ் ஒன்று. இதைத்தான் சொன்னேன், குரலை உயர்த்தாமல்.

இக்னேசியஸ் சிரித்தான். "அண்ணை, நீங்கள் அடிச்ச கோலை எண்ணுறியள். நான் விழாமல் பாத்த கோலை ஆர் எண்ணுறது?"

எல்லோரும் சிரித்தார்கள். தியாகலிங்கமும் சிரித்தார். எனக்கு முகம் சுட்டது. ஐம்பத்தாறு வயதில், பிள்ளைகளின் வயதுக்காரருக்கு முன்னால், ஒரு கடற்கரைப் பெடியன் எனக்குக் கணக்குச் சொல்லித் தந்தான். அவன் எந்தக் கரையில் பிறந்தவன் என்பதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. என் வீட்டுக்கு வந்தால் மேசையில் எங்களோடு இருந்துதான் சாப்பிடுவான். என் மனைவி இராஜேஸ்வரி எங்கள் கோப்பையிலேயே அவனுக்குத் தேத்தண்ணீர் கொடுப்பாள், நான் ஒரு சொல்லும் சொன்னதில்லை. என்னிடம் வித்தியாசம் கிடையாது என்பது தெரியவேண்டும், அதற்காகவே இதை எழுதுகிறேன்.

அரையிறுதி வரை பார்ப்போம் என்று தியாகலிங்கம் முடித்தார். ஓகஸ்ட் ஆறாம் திகதி அரையிறுதி. இக்னேசியஸ் கோல் கோட்டில் நின்று இரண்டு பந்தைத் தடுத்தான். கடைசி நிமிடத்தில் கோணருக்கு ஓடிவந்து தலையால் இடித்து வெற்றியையும் எடுத்துத் தந்தான். தியாகலிங்கம் மைதானத்துக்குள்ளேயே ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடித்து, "இண்டையிலிருந்து துஷாந்துக்கும் இவனுக்கும் சரிசமன்" என்றார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது கடிதங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் பெடியள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வாடகைக்கு இருக்கும் பேஸ்மன்ற் நிலவறையை மாற்றுவார்கள். குடிவரவுக் கடிதம் தவறினால் தலையே போய்விடும். ஆகவே நிலையான விலாசம் உள்ள ஒருவரின் வீட்டைக் கொடுப்பார்கள். எங்கள் கழகத்தில் ஒன்பது பேர் என் விலாசத்தைக் கொடுத்திருந்தார்கள். பழைய தபாலதிபரின் கையில் கடிதம் தொலையாது என்று அவர்களுக்கு நம்பிக்கை. பிஸ்கற் பெட்டி ஒன்றில் பெயர்வாரியாக அடுக்கி, பயிற்சி நாளில் கொண்டுபோய்க் கொடுப்பேன். இங்கிலீஷ் வராதவர்கள் என்னையே பிரித்து வாசிக்கச் சொல்வார்கள். இக்னேசியஸும் அப்படித்தான். "கேக்கத் தேவையில்லை அண்ணை, வந்த உடனை உடைச்சுப் பாருங்கோ" என்று சொல்லி வைத்திருந்தான். அனுமதியில்லாமல் ஒருவரின் கடிதத்தை நான் தொட்டதில்லை.

ஓகஸ்ட் பத்தாம் திகதி, வியாழன், அவனுடைய அகதி விசாரணைக்கு அழைப்பு வந்தது. இருபத்தைந்தாம் திகதி வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணி. இறுதி ஆட்டம் அடுத்த நாள், சனிக்கிழமை.

அன்று பின்னேரம் பயிற்சியில் வழக்கம்போலக் கேட்டான். "அண்ணை, கடிதம் ஏதும்?"

"இல்லைத் தம்பி. வந்தா நான் வைச்சிருப்பனே?"

விசாரணையை நினைத்து நித்திரை இல்லாமல் கிடந்தால் எப்படி விளையாடுவான்? அதுதான் என் எண்ணம். இரண்டொரு நாளில் கொடுக்கலாம் என்றிருந்தேன். அடுத்த கிழமை இருமுறை கேட்டான், இருமுறையும் இல்லை என்றேன். அவனுடைய லோயரின் கந்தோரில் இருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். அவன் கொடுத்திருந்த இலக்கமும் என்னுடையதுதான். திகதியை ஞாபகப்படுத்தச் சொன்னாள். சொல்கிறேன் என்று நன்றி கூறி வைத்தேன்.

இருபத்துநான்காம் திகதி கடைசிப் பயிற்சிக்குக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். கொடுக்கத்தான் போனேன். அங்கே தியாகலிங்கம் எல்லோரையும் வட்டமாக நிறுத்தி, இறுதி ஆட்டத்துக்கு இக்னேசியஸ்தான் கப்டன் என்று சொல்லி அவன் கையில் பட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். அவன் என்னைக் கண்டு அந்தக் கையைத் தூக்கிக் காட்டினான். சந்தோசத்தில் காட்டினான் என்று பின்னர் மற்றவர்கள் சொன்னார்கள். நான் அதை அப்படி எடுக்கவில்லை.

பயிற்சி முடிந்ததும் அவனைக் கூப்பிட்டு, "காலமை எட்டு மணிக்கு மைதானத்துக்கு வா, கோடு போட வேணும்" என்றேன். இறுதி ஆட்டத்துக்காக இரண்டு நாள் லீவு எடுத்திருந்தான். மறுக்காமல் வந்தான்.

அந்த வெள்ளிக்கிழமை காலை நல்ல வெயில். நான் கயிற்றைப் பிடித்தேன், அவன் சுண்ணாம்பு போட்டு வந்தான். கடிதம் இன்னமும் என் பையில் இருந்தது. ஒன்பது மணிக்கு மணிக்கூட்டைப் பார்த்தேன். அங்கிருந்து விசாரணைக் கட்டடத்துக்குக் காரில் அரை மணி நேரம். என் கார் பக்கத்திலேயே நின்றது. அவன் நிமிர்ந்து முதுகைத் தடவிக்கொண்டு, "என்ன அண்ணை, அடிக்கடி மணி பாக்கிறியள், எங்கையும் போக வேணுமோ?" என்றான்.

"எங்கையும் இல்லை. நீ கோட்டை நேராப் போடு."

ஒன்பதரைக்கு அவன் கோணர்க் கொடி நட்டுக்கொண்டிருந்தான். பத்து மணிக்கு இருவரும் கோப்பி குடித்தோம். காசை அவன் கொடுத்தான்.

மறுநாள் நாங்கள் ஒன்றுக்குச் சைபர் என்று வென்றோம். கோல் துஷாந்த் அடித்தது. என் வாதம் பிழையில்லை என்பது அதிலேயே தெரிந்தது, ஆனால் ஒருவரும் அதைப் பேசவில்லை. எட்டாவது படத்தில் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் இக்னேசியஸ்.

இறுதி ஆட்டம் முடிந்ததும் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கொடுத்தால் வந்த திகதி உறையிலேயே தெரியும். செப்ரெம்பரில் இரண்டாவது கடிதம் வந்தது, ஏன் சமுகமளிக்கவில்லை என்று வந்து விளக்கும்படி. அதைக் கொடுத்தால் முதலாவது எங்கே என்று கேட்பான். நொவெம்பரில் மூன்றாவது வந்தது, அகதிக் கோரிக்கை கைவிடப்பட்டதாகத் தீர்மானம். லோயரின் கந்தோரில் இருந்து மறுபடியும் இரண்டு தரம் கூப்பிட்டார்கள். அவன் வேறு நகரத்துக்குப் போய்விட்டான் என்றேன். இக்னேசியஸ் தானே லோயரிடம் போய்க் கேட்கப் போவதாகச் சொன்னபோது, "அடிக்கடி போய்க் கரைச்சல் குடுத்தா உன்ரை பைலைத் தூக்கி அடியிலை போட்டிடுவாங்கள்" என்றேன். என் சொல்லை அவன் தட்டியதில்லை.

ஜனவரியில் இரண்டு குடிவரவு அதிகாரிகள் என் வீட்டுக்கு வந்தார்கள். சப்பாத்தை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்து மரியாதையாகக் கேட்டார்கள், இக்னேசியஸ் இப்போது எங்கே இருக்கிறான் என்று. அரசாங்க அதிகாரிகளுக்குப் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அவனுடைய பேஸ்மன்ற் விலாசத்தைத் தபால் குறியீட்டோடு எழுதிக் கொடுத்தேன். பக்கவாசலால் போக வேண்டும் என்பதையும் சொன்னேன்.

அவனைப் பிடித்து வைத்திருந்த தடுப்பு நிலையத்தில் இருந்து எனக்குத்தான் தொலைபேசி எடுத்தான். "அண்ணை, நான் ஹியறிங்குக்குப் போகேல்லையாம். கடிதம் மூண்டு அனுப்பினவையாம். ஒருக்கா வந்து ஒண்டும் வரேல்லை எண்டு சொல்லுங்கோ. நீங்கள் சொன்னா நம்புவினம்." வருகிறேன் என்றேன். அன்று பனி கொட்டியது, போகவில்லை. மார்ச்சில் திருப்பி அனுப்பினார்கள். மே மாதம் கொழும்பில் லொட்ஜுக்குப் பக்கத்துக் கடையில் பால்மா வாங்கப் போனவன் திரும்பி வரவில்லை. யார் கொண்டுபோனார்கள் என்று இன்றுவரை தெரியாது. அங்கே திரும்பிப்போகும் ஒருவனுக்கு என்ன நடக்கக்கூடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. அவனுடைய கோரிக்கைப் பத்திரத்தை நிரப்பிக் கொடுத்தவனே நான்தான்.

அவன் மனைவி அருள்மலர் வருடத்துக்கு ஒரு கடிதம் எனக்கு எழுதுகிறாள். அந்த மூன்று கடிதமும் எப்படித் தவறின என்று கண்டுபிடித்துத் தர முடியுமா என்று கேட்கிறாள். அவை தவறவில்லை. என் கையால் ஒரு கடிதமும் தொலைந்ததில்லை. வந்த ஒழுங்கிலேயே பெட்டியில் இருக்கின்றன, அவளுடையவையும் சேர்த்து. இக்னேசியஸைத் திருப்பி அனுப்பியது சட்டம், கொண்டுபோனது யாரோ. ஆனால் இரண்டுக்கும் வழி திறந்து விட்டது நான். தெரிந்தே செய்தேன். அதை ஒளிக்க நான் இதை எழுதவில்லை.

இந்தக் கடிதத்துக்குப் பிறகு கையளிப்புக்கு என்னைக் கூப்பிட மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அது சரிதான். ஆனால் நீங்கள் அனுப்பிய மாதிரிப் படத்தைப் பார்த்தேன். அதிக கோல் அடித்தவருக்கான கிண்ணமும் இக்னேசியஸ் நினைவுக் கிண்ணமும் ஒரே உயரமாக இருக்கின்றன, இரண்டும் பதினெட்டு அங்குலம். இன்னும் ஓடர் கொடுக்கவில்லையென்றால் தயவுசெய்து திருத்துங்கள். பின்னுக்கு நிற்பவனுக்குப் பதினான்கு போதும்.

இப்படிக்கு,
க. தில்லையம்பலம்
ஸ்காபரோ, 3 ஒக்ரோபர் 1999