ஒரு சரை கச்சான்

எனக்குச் சிரிப்பு சீக்கிரம் வந்துவிடும், ஐயா. விசாரணையில் சிரிக்கிறானே என்று கோபிக்க வேண்டாம். அந்தப் படப்பிடிப்பை நினைத்தாலே வயிறு குலுங்குகிறது.

யுத்தம் முடிந்த பிறகு எங்கள் கல்பிட்டிக் கரைக்குக் கமராவோடு வந்தவர்களில் ஹெல்கா மேடம், ஊராருக்கு நோனா, தங்கமானவர். மீனவர் வாழ்க்கையை உள்ளது உள்ளபடி படமெடுக்க ஜெர்மனியிலிருந்து வந்திருந்தார். நான் மொழிபெயர்ப்பாளன். துணை இயக்குநர் நுஸ்கி என்று திரையில் எழுத்து ஓடும் என்றும் சொல்லியிருந்தார். அந்தச் சந்தோசத்தில் எனக்குச் சோறே இறங்கவில்லை.

உள்ளது உள்ளபடி எடுப்பது லேசான வேலையா? பெண்கள் எல்லாரும் நைட்டியில் திரிந்தார்கள். சேலை கட்டச் சொன்னோம். டிவி டிஷ்களைத் தென்னங்கிடுகால் மூடினோம். மீனவர் அல்பிரட்டின் எஞ்சின் போட்டை ஒளித்துவிட்டு, கோழி அடைத்திருந்த பழைய பாய்மர வள்ளத்தைக் கழுவி எடுத்தோம். அவருடைய செம்மஞ்சள் லைஃப் ஜாக்கெட் காட்சியைக் கெடுத்தது, கழற்றினோம். கைபேசியை வாங்கி என் பைக்குள் போட்டேன். அவர் மனைவி அனஸ்தாசியாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நாடகத்துக்கு வெளிக்கிட்ட மாதிரி நிக்கிறார்" என்றாள்.

வள்ளம் கடலில் போகும் காட்சி மட்டும் மிச்சம். அது இல்லாவிட்டால் படமே இல்லை. மறுநாள் மேடத்துக்கு விமானம். அன்று வேறு ஒரு போட்டும் இறங்கவில்லை. கடல் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று மேடம் பூரித்துப்போனார்.

அப்போதுதான் அல்பிரட் என்னிடம் வந்தார். "தம்பி, கச்சான் வரப்போகுது. இண்டைக்கு வேணாமெண்டு நோனாக்கிட்ட சொல்லுங்க."

என்ன கேட்கிறார் என்றார் மேடம். எங்கள் பக்கம் கச்சான் என்றால் மேல்காற்று, கடலைப் புரட்டிப்போடும். நிலக்கடலைக்கும் கச்சான் என்றுதான் பெயர். "நிலக்கடலை வேண்டுமாம்" என்றேன்.

மேடம் புத்தளம் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய, காகிதத்தில் சுற்றிய கச்சான் சரையை அன்போடு நீட்டினார். அல்பிரட் சரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்கட பயத்தப் பாத்து நோனா பகிடி பண்றா, அண்ணே" என்றேன். மனிதர் ரோஷக்காரர். கச்சானைக் கொறித்துக்கொண்டே வள்ளத்தைத் தள்ளினார்.

அருமையான காட்சி, ஐயா. காற்று வந்தபோதும் கமரா ஓடிக்கொண்டிருந்தது. ஆளனுப்புவோமா என்று மேடம் பதறினார். இது இவர்களுக்கு வழக்கம்தான் என்றேன். நடப்பதில் நாங்கள் தலையிடக் கூடாது அல்லவா, இந்தக் கலையில் அது முதல் பாடம்.

மறுநாள் மேடம் கிளம்புமுன் அல்பிரட்டின் உடல் கரை ஒதுங்கியது. அனஸ்தாசியா மேடத்தின் கையைப் பிடித்து உலுக்கினாள். "கச்சானெண்டு சொன்னாரே நோனா, சொன்னாரே" என்று கதறினாள். மேடம் என்னைப் பார்த்தார். "நிலக்கடலை என்றால் அவருக்கு உயிராம்" என்றேன். மேடம் தேம்பித் தேம்பி அழுதார். படம் ஓடிய ஊரெல்லாம் அந்த இடத்தில் சனம் அழுததாம்.

நீங்கள் நல்லவர். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள், அவசரத்தில் தவறியிருக்கும் என்று எனக்கு வழி காட்டப் பார்க்கிறீர்கள். வேண்டாம். நான் பிறந்தது இதே கரையில், குறிஞ்சிப்பிட்டியில். காற்று என்று தெரிந்துதான் கடலை என்றேன். கொலை என்று எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். மொழிபெயர்ப்பில் பிழை விட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.