ஒல்லாந்துக் கரண்டி

பழப்புளி போட்டு அதைத் தேய்த்தது நான்தான். வேறு யாரையும் திட்டாதீர்கள்.

இங்கே டென்மார்க்கில், வைலே நகரத்தில் பழைய சாமான் விற்கும் டேனிஷ்காரி சொல்லித்தான் தந்தாள், என்ன செய்தாலும் கறுப்பைத் தேய்த்து எடுக்காதே என்று. ஒல்லாந்தில், அதுதான் நெதர்லாந்தில், செய்த வெள்ளிக் கரண்டி. நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பு அங்கே பழைய தேவாலயங்கள் மேல் மறுபடி பைத்தியம் பிடித்ததாம். கூரிய யன்னல், கோபுரம் எல்லாம் கரண்டிப் பிடியிலும் ஏறிவிட்டன. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தில் கோட்டை கட்டியதோடு ஓய்ந்தார்கள் என்று நினைத்திருந்த அறிவாளி நான்.

என் மாமனார் நீக்கிலாஸ் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை; பேச்சும் குழறல்தான். செபமாலையும் கையுமான மனிதர். கோயில் மாதிரிக் கரண்டியைக் கண்டாலாவது சாப்பிடமாட்டாரா?

ஊர்ச் செம்பு நினைப்பில், நான் சமைக்கும் உணவகத்திலேயே புளி போட்டுத் தேய்த்தேன். குட்டி யன்னல்களிலிருந்து கறுப்பு வழிந்தது... சொத்தைப் பல்லின் நாற்றம்.

மாலை ஐந்து மணி. டிசம்பர் இருட்டு. வீடு திரும்பும் பிரெடெரிசியா வீதியில் என் கார் மட்டும். பக்கத்து இருக்கையில், கரண்டிப் பெட்டிக்குள்... சப்... சப்... மாங்கொட்டை சூப்புவது போல. என் வாயைத் தொட்டுப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது.

மாமா அன்று, நான் அந்தக் கரண்டியால் ஊட்ட ஊட்ட, மீன்குழம்பும் சோறும் வழித்துச் சாப்பிட்டார். என் மனைவி விக்ரோரியா அழுதேவிட்டாள். நானும்தான், வெங்காயம் என்று சமாளித்தேன்.

ஆனால் நாளுக்கு நாள் அவர் விலா எலும்பு தெரிந்தது. துடைத்து வைத்த கரண்டி காலையில் ஈரமாக, வெதுவெதுப்பாக... தூக்கினால் எச்சில் நூலாக இழுபட்டது. பிடியின் குட்டி யன்னலுக்குள் பாதி மென்ற சோறு. வேறு கரண்டி என்றாலோ மாமா பல்லைக் கடித்துக்கொண்டார்.

வயது போனால் மெலியத்தான் செய்யும் என்றாள் விக்ரோரியா. டாக்டர் இன்னொரு பரிசோதனை என்றார். கடைசியில் அவரிடமே கேட்டேன்.

“மாமா, நான் தீத்துற சோறு உங்கடை வயித்துக்கை போகுதோ, இல்லையோ?”

கரண்டியை விரலால் காட்டினார். பிறகு, குழறாமல்...

“சாறு முழுக்க ஆரோ உறிஞ்சிப்போடுது, தம்பி. சக்கையைத்தான் என்ரை வாய்க்கை துப்புது.”