சாமிப் படத்தை முதலில் இறக்கியவர்

எனது பெயர் சுதாகரன் பிரஷாந்தினி. வயது நாற்பத்தொன்று. வவுனியா நகருக்கு வெளியே செந்தாமரை நகர், இரண்டாம் ஒழுங்கையில் கணவருடனும் மகளுடனும் சொந்த வீட்டில் வசிக்கிறேன். தனியார் நிறுவனமொன்றில் கணக்காளராக இருக்கிறேன். கணவர் முல்லைத்தீவில் அரச அலுவலர், விடியவே பஸ் ஏறி இருட்டிய பிறகுதான் வருவார். எங்கள் ஒழுங்கையில் எல்லா வீடுகளும் அப்படித்தான். மாடி வீடு, ஆளுயர மதில், இரும்புக் கேற், கமரா. காலையில் வாகனங்கள் வெளியேறினால் மாலையில்தான் திரும்பும். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதில்லை. அதை நாங்கள் மரியாதை என்று நினைத்திருந்தோம். ஊர்க்கதை இல்லாத இடம் வேண்டும் என்று சொல்லித்தான் நானும் இங்கே காணி வாங்கச் சம்மதித்தேன்.

கடந்த செவ்வாய்க்கிழமை சிக்குன்குனியா காய்ச்சலால் மூட்டுகள் பிடித்துக்கொண்டதால் வேலைக்குப் போகாமல் வீட்டில் தனியே நின்றேன். குடிவந்த இத்தனை வருடத்தில் வேலைநாள் ஒன்றின் பகலில் எங்கள் ஒழுங்கையை நான் பார்த்தது அன்றுதான். ஒரு குஞ்சு குருமான் இல்லை.

அதன் பிறகு பக்கத்து வீட்டு வாசலில் லொறி ஒன்று வந்து நின்று மூன்று பேர் இறங்கினார்கள். ஒருவர் திறப்புக் கோர்வை ஒன்றை எடுத்துக் கேற்றைத் திறந்தார். எங்கள் ஒழுங்கையில் திறப்போடு வருபவரை யாரென்று ஒருவரும் கேட்பதில்லை. அந்த வீட்டார் கொழும்புக்கோ கனடாவுக்கோ போகிறார்களாக்கும் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

அதன் பிறகு அவர்களில் ஒருவர் எனது கேற்றடிக்கு வந்தார். முப்பது வயது மதிக்கலாம், இடப்புருவத்தில் தழும்பு, நீலச் சேட். பெயர் நிருஷன் என்றார். வீடு மாற்ற வந்திருப்பதாகவும், சாமானில் கை வைக்க முதல் சாமிப் படத்தை இறக்க வேண்டும், விளக்கேற்ற நெருப்புப்பெட்டி இல்லை என்றும் சொன்னார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலுடன் நின்று கேட்டார். அந்தச் செருப்புத்தான் என்னை விழுத்தியது. வீடு மாறும்போது சாமியை முதலில் எடுப்பது எங்கள் வழக்கம். களவெடுக்க வந்தவன் அதைப் பார்ப்பான் என்று யார் நினைப்பார்கள்? நெருப்புப்பெட்டியோடு கற்பூரமும் எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டி நானும் கூடப் போனேன். அந்த வீட்டுக்குள் நான் கால் வைத்தது அதுவே முதல் தடவை. விளக்கை நானே ஏற்றினேன். அவர் பிள்ளையார் படத்தை இறக்கும்போது பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். கள்ளனுக்கு விளக்குப் பிடிப்பது என்று பேச்சுக்குச் சொல்வார்கள், நான் உண்மையாகவே பிடித்தேன்.

அதன் பிறகு மூவருக்கும் பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தேன். நிருஷன் எனது கால் வீக்கத்தைப் பார்த்து விசாரித்து, கொத்தமல்லி அவித்துக் குடிக்கச் சொன்னார். அந்த ஒழுங்கையில் என் சுகம் விசாரித்த முதல் ஆள் அவர். இப்போதும் அவரை "அவன்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குளிர்சாதனப் பெட்டி, தொலைக்காட்சி, அலுமாரி, கமராப் பதிவுப் பெட்டி எல்லாம் ஏற்றி முடிந்ததும் படத்தை என்னிடம் நீட்டினார்.

"லொறியில சாமி அடிபடும் அக்கா. உங்கட சாமியறையில வச்சிருங்கோ, பிறகு வந்து எடுக்கிறம்."

நான் வாங்கிக்கொண்டேன். போகும்போது, இந்தப் பக்கம் கள்ளர் அதிகம், கேற்றைப் பூட்டி வையுங்கோ என்றும் சொல்லிவிட்டுப் போனார். நான் பூட்டினேன்.

அன்று பின்னேரம் மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குழறி அழும் சத்தம் கேட்டது. குடிபோன வீட்டில் யார் அழுவது என்று பயந்துகொண்டே போனேன். வேலைக்குப் போன சேலையோடு ஒருவர் வெறும் நிலத்தில் இருந்தார். நீங்கள் வீடு மாறிப் போகவில்லையா என்று கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்கள் ஆர்?" என்றார். அவர் பெயர் ராஜினி என்பதை, பொலிசில் அவர் கொடுத்த முறைப்பாட்டை வாசிக்கக் கேட்டுத்தான் அறிந்தேன்.

அதன் பிறகு பொலிசார் வந்து எனது சாமியறையிலிருந்து அந்தப் படத்தை எடுத்தார்கள். நான் அதற்குப் பூ வைத்திருந்தேன். எதிர்வீட்டுக் கமராவில் நான் தேநீர் கொண்டுபோவதும் படத்தோடு திரும்பி வருவதும் தெளிவாக விழுந்திருக்கிறது. எதையும் நான் மறுக்கவில்லை. இந்தக் களவில் எனது பங்கு என்ன என்று கேட்கப்பட்டது. ஒரு நெருப்புப்பெட்டி, ஒரு துண்டுக் கற்பூரம், மூன்று கோப்பைத் தேநீர். வேறொன்றும் இல்லை. என்னை ஜீப்பில் ஏற்றும்போது மகள் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லா மாடிகளிலும் ஆட்கள் வந்து பார்த்தார்கள், ஒருவரும் இறங்கி அவளிடம் வரவில்லை.

அதன் பிறகு நிலையத்தில் பொறுப்பதிகாரி, என்னைச் சந்தேகிக்கிறாரா என்று ராஜினியிடம் கேட்டார். அயலவள் அப்படிச் செய்யமாட்டாள் என்று ஒரு சொல் சொல்வார், நான் பிள்ளையிடம் போகலாம் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவாவை எனக்குத் தெரியாது சேர். எடுத்திருப்பா எண்டும் சொல்ல ஏலாது, எடுக்கமாட்டா எண்டும் சொல்ல ஏலாது."

கன்னத்தில் அறைந்திருந்தால் இவ்வளவு நொந்திருக்காது. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. அவரைப் பற்றி என்னிடம் கேட்டிருந்தாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன்.

நிருஷன் என்று சொன்னவரை மீண்டும் கண்டால் உடனே அடையாளம் காட்டுவேன். அவரது குரல், சிரிப்பு, புருவத் தழும்பு எல்லாம் மனதில் நிற்கின்றன. பக்கத்து வீட்டில் வசிப்பவர்களில் ராஜினியைத் தவிர வேறு எவரையும் அடையாளம் காட்ட என்னால் இயலாது.

நான் சொன்னபடியே இவை எழுதப்பட்டு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை, அத்தனையும் உண்மை என்று ஏற்று ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) சு. பிரஷாந்தினி