நாளை தெருவைப் பெருக்கக் கூடாது

செவ்வாய்க்கிழமை காலை 8.10. திருவொற்றியூரில் ஏறிய மின்சார ரயிலில், ஒரு தெரு நற்பணி மன்றத்தின் தலைவரும் செயலாளரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

“நாளைக்கு ஒருத்தரும் தெருவப் பெருக்கக் கூடாது தலைவரே,” என்றார் செயலாளர்.

“இன்னாத்துக்கு நைனா?”

“வாராவாரம் நம்ம தெரு கால்வா ஓரத்த நாம சுத்தம் பண்ண கார்ப்பரேசன்ல நிதி கேட்டோமில்ல. போன தபா பாக்க வந்த ஆபீசர் இன்னா எழுதினாரு?”

“‘இடம் சுத்தமாகவே உள்ளது.’ பெரிய மனுசன் வர்றாருன்னு கூட்டிப் பெருக்கி, கோலம் வேற போட்டு வெச்சோம்.”

“நாளைக்கு மறுபடி வராரு. இதான் கடைசி சான்ஸு. வூடு வூடா சொல்லிட்டேன்.”

“ஒத்துகினாங்களா?”

“எல்லாரும் சரின்னாங்க. உங்க வூட்டம்மாதான், ‘நாலு பேர் வர்ற எடத்த கலீஜா போட்டு வெப்பாங்களா?’ன்னு கேக்குறாங்க.”

தலைவர் ராயபுரம் வரும்வரை யோசித்தார்.

“அதுவும் நாயந்தான்,” என்றார்.