சுருட்டு ருசி பார்த்த கதை

நாகல் நகர் போகும் டவுன் பஸ்ஸில் புத்தகம் படிப்பதாகப் பாவனை செய்துகொண்டிருந்தேன். முன் இருக்கையில் இருந்த நரைத்த தாடிக்காரர், பக்கத்திலிருந்த மச்சானிடம் சொன்னது காதில் விழுந்தது.

"பன்னெண்டு வருசம் பெட்டியில வச்சுப் பக்குவமாக்குன வெளிநாட்டுச் சுருட்டு மச்சான். பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளையோட அத்தா, 'திண்டுக்கல்காரருக்குத் தெரியாத சுருட்டா, ருசி பார்த்துச் சொல்லுங்க'ன்னு நீட்டிட்டாரு."

"நீங்க பீடிகூடக் குடிச்சதில்லையே!"

"அதச் சொன்னா ஊர் மானம் போயிரும்ல? வாயிலயே வச்சு ஊத வேண்டிய புகைய நெஞ்சுக்குள்ள இழுத்துட்டேன். கண்ணுல தண்ணி, ஒரே இருமல்."

"அய்யய்யோ, சம்பந்தம் போச்சா?"

"எங்க போச்சு? 'எல்லாரும் இந்தச் சுருட்டச் சும்மாவே ஆகா ஓகோங்குறாங்க, உங்களுக்குத்தான் பொய் சொல்ல வரல'ன்னு சிரிச்சாரு. நிக்காஹ் பேசி முடிச்சாச்சு."

மச்சான் நிம்மதியாக மூச்சு விட்டார்.

"பொய் சொல்லத்தான் மச்சான் வாயத் தொறந்தேன். நல்லவேளை, இருமல் முந்திக்கிருச்சு."