ஹேடிஸ் பக்கத்து நியாயம்

ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், சனிக்கிழமை காலையில், எங்கள் வீட்டுக்குக் கிரேக்க சாமிகள் வருவார்கள். என் பெண் அதிதிதான் கூட்டிக்கொண்டு வருவாள். பத்து வயது. அவள் அம்மா அஞ்சனா பக்கத்து ஊர் பிளஸன்டனிலிருந்து அழைத்துவந்து வாசலில் விட்டுவிட்டு, காரை விட்டு இறங்காமலே திரும்பிப் போவாள். கோர்ட்டில் அப்படித்தான் ஏற்பாடு. அதிதி பையைச் சோபாவில் எறிந்துவிட்டு, எந்த சாமி யாரை மரமாக்கியது, யார் பெண்டாட்டியை யார் தூக்கிப்போனது என்று ஆரம்பிப்பாள். நான் தோசை வார்த்துக்கொண்டே கேட்பேன்.

இந்த வருஷம் அவர்கள் பள்ளியில் ஆளுக்கொரு சாமி வேஷம். அதிதிக்கு பெர்செஃபனி கிடைத்தது. வீட்டில் ஒத்திகை பார்க்க ஹேடிஸ் வேண்டும். என்னைத் தவிர வேறு ஆள் ஏது. நானே ஹேடிஸ்.

கதை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஸீயஸ், பொசைடன், ஹேடிஸ் மூவரும் கூடப் பிறந்தவர்கள். உலகத்தைப் பங்கு பிரிக்கக் குலுக்கல் போட்டார்கள். ஸீயஸுக்கு ஆகாயம், பொசைடனுக்குக் கடல், ஹேடிஸுக்குப் பாதாளம் விழுந்தது. அங்கே இருட்டு, செத்தவர்கள், பேச்சுத்துணைக்கு ஒருத்தர் கிடையாது. ஒரு நாள் அவன் மேலே வந்து, பூப்பறித்துக்கொண்டிருந்த பெர்செஃபனியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவள் அம்மா டிமீட்டர் பயிர்பச்சைக்கான தெய்வம்; அழுது அழுது பூமியையே காயப்போட்டாள். பெண்ணைத் திருப்பி அனுப்பு என்று ஸீயஸ் ஆள் அனுப்பினான். ஹேடிஸ் மறுக்கவில்லை. போய் வா என்று மரியாதையாகவே சொன்னான். கிளம்பும்போது மட்டும் நாலு மாதுளை முத்து சாப்பிடக் கொடுத்தான். பாதாளத்தில் எதையாவது தின்றவர்கள் வருஷத்தில் பாதி நாள் அங்கே திரும்பி வந்தாக வேண்டும் என்பது சட்டம். அவளுக்கு அது தெரியாது.

எல்லாரும் பெர்செஃபனிக்காக உச்சுக் கொட்டுகிறார்கள். அவன் எத்தனை காலம் ஒண்டியாக உட்கார்ந்திருந்தான் என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

நானும் குலுக்கலில் இங்கே வந்து விழுந்தவன்தான். எச்-1பி விசாவுக்குக் கம்ப்யூட்டர் என் பேரை எடுத்தது; வந்தேன். சிட்டிசன் ஆனேன். வீடு வாங்கினேன். அப்புறம் விவாகரத்து. ஆபீஸ் வேலையும் வீட்டிலிருந்தபடியே. மீட்டிங் இல்லாத நாளில் என் குரலை நானே கேட்க மாட்டேன். ஒரு தடவை கடையில் பில் போடும் பெண் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, நான் நிஜமாகவே பதில் சொல்லத் தொடங்கிவிட்டேன். வரிசையில் பின்னால் நின்றவர் இருமினார். அன்றைக்குக் காரில் உட்கார்ந்து அழுதேன். சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அப்போதுதான் அம்மா வந்தாள். அபயாம்பாள், மாயவரம். ஆறு மாத விசிட்டர் விசா. அப்பா வரவில்லை. முன்பு ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, "இது சொகுசான ஜெயில்டா" என்று சொல்லிவிட்டுப் போனவர் அவர். அம்மா வந்த பிறகு வீட்டில் தாளிக்கிற சத்தம் கேட்டது. "பத்ரி, சாப்பிட வாடா, ரசம் ஆறிப்போறது" என்று ஒரு குரல் மாடிப்படி ஏறி வரும். நான் வேண்டுமென்றே இரண்டாவது தடவை கூப்பிடட்டும் என்று காத்திருப்பேன்.

ஆறு மாதம் முடியப்போகிற சமயத்தில் அம்மா ஆரம்பித்தாள்.

"அப்பா தனியா திண்டாடிண்டிருக்கார்டா. டிக்கெட் போட்டுடு."

"போடலாம்மா. அதிதிக்கு ஸ்கூல் முடியட்டுமே. ஸ்டே எக்ஸ்டெண்ட் பண்றேன், இங்க ஒரு கையெழுத்துப் போடு."

படிக்காமல், தமிழில் அழகாகப் போட்டாள். அது கிரீன் கார்டு மனு. கார்டு வந்துவிட்டால் அதைக் காப்பாற்ற வருஷத்தில் பாதியாவது இங்கே இருக்க வேண்டும். மனு நிலுவையில் இருக்கும்போது ஊருக்குக் கிளம்பினால் மனு செத்துப்போகும். போய்வர முன்கூட்டியே அனுமதி வாங்கலாம் என்று வக்கீல் சொன்னார். வேண்டாம் என்றேன். இதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இங்கே பாதிப் பேர் பெற்றவர்களுக்குக் கார்டு வாங்குகிறார்கள்.

கொஞ்ச நாளில் அப்பாவுக்கு நெஞ்சுவலி. பக்கத்து வீட்டு கோபாலசாமி மாமா ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அப்பாவே ஃபோனை வாங்கினார். "அம்மாகிட்ட மூச்சு விடாதே. பயந்துடுவா." நான் மூச்சு விடவில்லை. அப்பா சொன்னதைச் செய்தேன். யாராவது அம்மாவிடம் உளறிவிடப் போகிறார்களே என்று அவளுடைய ஃபோனை ரிப்பேருக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லி, என் காரில் வைத்துக்கொண்டேன். அதன் பிறகு என் ஃபோனில், நான் போட்டுக்கொடுக்கும்போது, அப்பாவோடு இரண்டு வார்த்தை பேசுவாள். அவரும் இருமலை அடக்கிக்கொண்டு பேசுவார்.

பிறகு ஒரு சனிக்கிழமை அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"பத்ரி, அவளை அனுப்பிடுடா. பாக்கணும் போல இருக்கு."

அப்பா யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. குரல் நைந்திருந்தது. "பாக்கறேம்பா" என்றேன். அம்மா கூப்பிடு தூரத்தில் அதிதிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"யாருடா ஃபோன்ல?"

"ஆபீஸ்மா."

டிக்கெட்டும் பார்த்தேன். அந்த வாரமே இருந்தது. அம்மாவைத் தடுக்கச் சட்டம் எதுவும் இல்லை. தெரிந்தால் கட்டின புடவையோடு கிளம்பிவிடுவாள், மனு செத்தால் சாகட்டும் என்பாள். திரும்பி வரவே மாட்டாள். லேப்டாப்பை மூடிவிட்டு ஒத்திகைக்குப் போனேன்.

அன்றைக்கு அதிதி வசனத்தை நடுவில் நிறுத்திவிட்டுக் கேட்டாள். "அப்பா, ஒய் டிடின்ட் ஹி டெல் ஹர் த ரூல்?"

"சொன்னா அவ சாப்பிட மாட்டாளேடா."

"ஸோ ஹி நோஸ் இட்ஸ் ராங்."

குழந்தைக்கு என்ன தெரியும். பாதாளத்தில் அவள் ராணி, அவளை அவன் ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொண்டான் என்று விளக்கினேன். சரி என்று தலையாட்டினாள். அஞ்சனாவும் என்னோடு இருந்த கடைசி நாட்களில் அப்படித்தான் தலையாட்டுவாள்.

அதற்குப் பிறகும் அப்பா கேட்டார். ஒவ்வொரு தடவையும் சீட் கிடைக்கவில்லை என்றேன்.

நாடகத்தன்று அம்மாவும் நானும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். அதிதி தலையில் காகிதப் பூவோடு வந்து நின்றபோது ஃபோன் அதிர்ந்தது. வெளியே போய் எடுத்தேன்.

"தம்பி, அப்பா போயிட்டாருப்பா," என்றார் கோபாலசாமி மாமா. "டிக்கெட் போட்டாச்சா, டிக்கெட் போட்டாச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. நான்தான் போட்டாச்சு, வந்துக்கிட்டு இருக்காங்கன்னு சொல்லிட்டேன். பொய்தான். மன்னிச்சுக்க."

மன்னிக்க ஒன்றுமில்லை மாமா என்றேன். அம்மாவுக்கு பிரஷர் இருக்கிறது, பக்குவமாக நானே சொல்லிக்கொள்கிறேன், யாரும் கூப்பிட வேண்டாம் என்றும் சொன்னேன். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பின்னால் ஃபோனில் சரி என்றார்கள். கண்காணாத தேசத்தில் இருக்கிறவளிடம் திடுதிப்பென்று சொல்ல முடியுமா என்று சித்தப்பாவே எனக்குச் சமாதானம் சொன்னார். கொள்ளி வைத்ததும் அவர்தான்.

மாமாவோடு பேசி முடித்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். "யாருடா?" என்றாள் அம்மா.

"அப்பாதான். பத்ரிநாத் யாத்திரை கிளம்பறாராம். மலைமேல சிக்னல் இருக்காதாம்."

"என்னை விட்டுட்டுத் தனியாப் போறாரா? வரட்டும், பேசிக்கறேன்" என்று சிரித்தாள். மேடையில் ஹேடிஸ் வேஷம் போட்ட பையன் வசனத்தை மறந்துவிட்டிருந்தான்.

காரியமெல்லாம் ஊரில் முடிந்துவிட்டது. அடுத்த வாரம் கிரீன் கார்டு இன்டர்வியூ; அதுவும் ஸ்டே எக்ஸ்டெண்ட் பண்ணத்தான் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். இன்று காலையில் அம்மா தலைக்குக் குளித்து, திருமாங்கல்யத்துக்குக் குங்குமம் வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்தாள். மலையில் குளிருமே, சரியான ஸ்வெட்டர்கூட இல்லாமல் போயிருப்பார், இனிமேலாவது அப்பாவுக்கு நல்லதாக ஒன்று வாங்கு, போகும்போது எடுத்துக்கொண்டு போகிறேன் என்றாள். சாம்பல் நிறத்தில் ஒன்றைக் காட்டினேன். "இது அவருக்கு எடுப்பா இருக்கும்" என்றாள். ஆர்டர் பண்ணினேன்.

அப்பா சாக வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அவர் கேட்டார், நான் சொல்லவில்லை, அவ்வளவுதான். அம்மாவிடம் சொல்லத்தான் போகிறேன். கார்டு கைக்கு வரட்டும். கொஞ்ச நாள் அழுவாள். அப்புறம் மாயவரத்துக்குப் போகணும் என்று சொல்ல மாட்டாள். அங்கே இனி யார் இருக்கிறார்கள்? என்னை விட்டால் அவளுக்கும் நாதி இல்லை. அதை நினைக்கும்போது மட்டும் எனக்கு மனசு லேசாகிறது.