இருக்கன்குடி பஸ்ஸில் போன மஞ்சள்

நான் அஞ்சாப்புதான் படிச்சவ. எழுத்து கோணலாத்தான் வரும், பாதி மறந்தும் போகுது, பொறுத்துக்கிடுங்க.

இருக்கன்குடி பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ரெண்டு பொம்பளைக. சின்னவ மடியில் அம்மன் காலில் வைக்க மஞ்சள் கிழங்கு.

"எம்மக நலுங்குக்கு நான் வளத்த மஞ்சள்க்கா. அரைச்சுக் குடுக்கலாமாம், தாலியறுத்தவ பூசக் கூடாதாம்."

"பெறகெதுக்குடி இம்புட்டையும் சுமக்குற? கடையில வாங்கித் தொலையட்டும்."

"மஞ்சளுக்கு ஏதுக்கா விதை? போன வருசக் கிழங்கை எடுத்து வச்சு நட்டாத்தான் உண்டு. மொதக் கிழங்கு அவ அப்பா நட்டது. பட்டாசுக் கம்பெனி தீயில அவுக போன பெறகும் நான் விடாம நட்டேன். எவ பூசுனா என்ன, அவ அப்பா மஞ்சள்தான மூஞ்சியில ஏறும்?"

"அப்ப நீ எங்கன நிப்ப?"

"அடுப்படியில."

நானும் மஞ்சள் பூசி ரொம்ப வருசமாச்சு. மஞ்சளுக்கு நெசமாவே விதை கெடையாதா? தெரிஞ்சவுக பாத்துச் சொல்லுங்க.